எண்ணிம மானிடப்புலச் சான்றிதழும் தமிழாராய்ச்சியும்

மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், சிறப்பாக அமெரிக்காவிலும் கனடாவிலும், இலக்கியம், வரலாறு, மெய்யியல், சமயம் முதலிய துறைகளில் முதுகலையும் முனைவர் பட்டமும் பயில்வோர், தம் துறைக் கல்வியோடு ஒருங்கே 'டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்' என்னும் புலத்தில் ஒரு சான்றிதழும் பெறும் வழக்கம் இந்நூற்றாண்டில் வேரூன்றியுள்ளது. தமிழ் முதுகலை முடித்து அயல்நாடு செல்ல முயலும் மாணாக்கரும், ஈண்டிருந்தே இத்தகைய கல்வியைப் பெற விரும்பும் ஆய்வாளரும் இச்சான்றிதழ் தமக்குப் பயன்படுமா என வினவுகின்றனர். கணினி கற்றார்க்கு வேலை எளிதிற் கிட்டும் என்னும் எண்ணத்தால் வினவுவாரும் அவருள் உளர். அவர்க்கு யாம் கூறத்தக்கது மிகுதியாக இல்லை. தமிழ் நூல்களை ஆராய்தற்கு இக்கல்வி துணையாகுமா என வினவுவார்க்கே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. அக்கல்வி யாது, எங்ஙனம் தோன்றிற்று, தமிழ்ப்புலமையோடு அஃது எவ்விடத்து இயைகின்றது, எவ்விடத்து முரண்படுகின்றது என்பவற்றை ஈண்டுக் காண்பாம்.

முதற்கண் பெயர் குறித்து ஒரு சொல். இத்துறைக்குத் தமிழில் இன்னும் ஒருபடித்தான பெயர் அமையவில்லை. 'மானிடவியல்' என்றால் அது மக்களினங்களை ஆராயும் வேறொரு துறையைக் குறித்து நிற்கும். 'கலையியல்' என்றால் ஓவியமும் சிற்பமும் நினைவிற்கு வரும். ஆதலின் 'எண்ணிம மானிடப்புலம்' என்னும் பெயரை இக்கட்டுரையளவில் யாம் ஆளுகின்றோம். பொருத்தமான பெயரைப் பிறர் காண்பாராயின் அதனைக் கொள்ளுதற்கு எமக்குத் தடையில்லை.

சான்றிதழின் அமைப்பை நெடிது விளக்க வேண்டுவதில்லை. பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து பாடங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து வரையிலான மதிப்பலகுகள். துறையின் வரலாற்றையும் கொள்கையையும் கூறும் அறிமுகப் பாடம் ஒன்று கட்டாயமாக இருக்கும். நூற்பாடத்தைக் கணினிக்கேற்பக் குறியிட்டு அமைத்தல், சொற்களை எண்ணிப் பகுத்தாராய்தல், நிலப்படம் வரைதல், தரவுகளைத் தொகுத்தல், பைத்தன் போன்ற நிரல்மொழியின் தொடக்கம் ஆகியவற்றுள் சில விருப்பப் பாடங்களாக அமையும். இறுதியில் மாணவர் தம் ஆய்வையொட்டி ஒரு பணியினைச் செய்து காட்டுதல் வேண்டும். கனடாவில் 2001 இல் தொடங்கி, 2004 முதல் பல்லாண்டு விக்டோரியாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற கோடைகாலப் பயிற்சிக்கழகம் இத்தகைய கல்விக்கு ஒரு முன்மாதிரியாயிற்று. ஒரு வாரத்திற்கு ஒரு கருவி அல்லது ஒரு முறை என்னும் அளவில் அங்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. இந்தியாவில், கொல்கத்தா சாதவபூர்ப் பல்கலைக்கழகம் இத்துறையில் ஒரு பட்டயப்படிப்பைத் தோற்றுவித்தது. அப்பல்கலைக்கழகத்தின் பணியைப் பின்னர்க் குறிப்பிடுவோம்.

'டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்' என்னும் பெயர் பரவியது 2004 இல் அப்பெயரால் ஒரு பெருந்துணைநூல் வெளிவந்த பின்னரேயாம். ஆயின் பொருள் பழையது. 'கணினியும் மானிடப்புலமும்' என்னும் கருத்துடைய ஆங்கில இதழ் 1966 இலேயே தோன்றிவிட்டது. அதற்கும் முன்னே, இத்துறையினர் தம் மூலவராகக் கொள்வது ரொபெர்த்தோ பூசா என்னும் இத்தாலியச் சேசுசபைத் துறவியாரை. அவர்தம் வரலாற்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் அது பொறியிற் பிறந்த வரலாறன்று, இலக்கணத்திற் பிறந்த வரலாறு.

தாமசு அக்குவினாசு என்னும் இடைக்காலத்து இறையியல் அறிஞரின் இலத்தீன் நூல்களில், இறைவனின் 'உடனிருப்பு' பற்றிய கொள்கையைப் பூசா தம் முனைவர் பட்டத்திற்கு ஆய்பொருளாகக் கொண்டார். அக்கொள்கையைக் குறிக்கும் பெயர்ச்சொற்களைச் சொல்லடைவுகளில் தேடினார். அச்சொற்கள் கொள்கையின் உயிர்நிலையைத் தொடவில்லை என்பது அவர்க்குப் புலனாயிற்று. 'இன்' என்னும் சிறிய இலத்தீன் முன்னிடைச்சொல்லே, நம் ஏழாம் வேற்றுமை உருபின் பொருளைத் தருவது, அக்கொள்கையைத் தாங்கி நிற்கின்றது என அவர் கண்டார். இத்தகைய சொல்லை எச்சொல்லடைவும் தொகுத்துத் தருவதில்லை, அற்பமென்று விட்டுவிடும். ஆதலின் அச்சொல் வரும் தொடர்களை ஏறத்தாழ 10,000 சீட்டுகளில் தம் கையாலேயே எழுதித் தொகுத்தார். இவ்வுழைப்பே, அக்குவினாசின் நூல்களில் உள்ள சொற்கள் அனைத்திற்கும் அடைவு காணவேண்டும் என்னும் வேட்கையை அவர்க்கு ஊட்டிற்று. 1949 இல் நியூயார்க் சென்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தாமசு வாட்சனைக் கண்டு துணை பெற்றார். துளையட்டைப் பொறிகளில் தொடங்கிய அப்பணி ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்களை உள்ளடக்கி, 1970களின் இடைப்பகுதியிலிருந்து 1980 வரை 56 தொகுதிகளாக அச்சில் வெளிவந்தது.

பூசாவின் வரலாற்றைக் கூறுவோர் பலரும் பொறியை வியந்து அமைவர். எமக்கு வியப்பளிப்பது வேறு. அவர் செய்த அடைவில் பொறி செய்தது அடுக்குதலும் அச்சிடுதலுமே. ஒவ்வொரு சொல்வடிவும் எம்முதனிலையைச் சார்ந்தது, ஒருவடிவாய் நிற்கும் இரு சொற்களை எவ்வாறு பிரிப்பது என்பவற்றை முடிவு செய்தவர்கள் இலத்தீன் இலக்கணம் வல்ல அறிஞர்கள். அட்டைகளில் துளையிட்டு எழுத்துக்களைப் பொறிக்கேற்றியவர்களோ, காலராத்தே என்னும் வட இத்தாலிய நகரில் பயிற்றப்பட்ட இளம்பெண்கள். அண்மைக் காலத்தில் சூலியான் நைகான், மெலிசா தெராசு ஆகிய அறிஞர்கள் ஆராய்ந்து வெளிப்படுத்தும் வரை அப்பெண்களின் பணி பேசப்படாதிருந்தது. நம் ஏடுகளைப் படியெடுத்தோருட் பெரும்பாலாரும் பெயர் தெரியாதவரே என்பது ஈண்டு நினைவிற்கு வருகின்றது.

பூசா கண்ட சிக்கலைத் தமிழில் வைத்து நோக்குவோம். ஏழாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் பெயரிட்டு வழங்கும் உருபு 'கண்'. இவ்வடிவு விழியையும் குறிக்கும், இடத்தையும் குறிக்கும், மூங்கிலின் கணுவையும் குறிக்கும். 'இல்' என்பது மனை, இன்மை, உருபு. பூசாவைப் போல் ஒருவர் சங்கப் பாட்டில் 'உள்ளிருத்தல்' என்னும் கருத்தை ஆராயப் புகுந்து, 'இல்' என்னும் வடிவைக் கணினியில் தேடுவாராயின் மனைவாழ்க்கையும் வறுமையும் வேற்றுமையுருபும் ஒருங்கு கலந்து ஒரு குவியலாக வந்து நிற்கும். 'பல்லில்' முதலிய சொல்லிறுதிகளிலும் அவ்வெழுத்துகள் வரக் காணலாம். இக்குவியலைப் பகுத்தற்கு வேண்டும் அறிவு சான்றிதழ் வகுப்பில் கிடைப்பதன்று.

எண்ணுதலின் ஆற்றலுக்கு இத்துறையினர் எடுத்துக்காட்டும் மற்றொரு பெருஞ்சான்று 'பெடரலிசுட்டு' கட்டுரைகள் பற்றியதாகும். அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787, 1788 ஆம் ஆண்டுகளில் ஒரு புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகளை ஆமில்டன், மாடிசன், சே ஆகிய மூவர் எழுதினர். அவற்றுள் 12 கட்டுரைகள் ஆமில்டனுடையனவா மாடிசனுடையனவா என்பது நெடுநாள் வழக்கு. பிரெடெரிக் மாசுடெல்லர், டேவிட் வாலசு என்னும் புள்ளியியலார் இருவரும் 1964 இல் வெளியிட்ட நூலில் அவற்றை மாடிசனுடையன என நிறுவினர். அவர்கள் பொருட்சிறப்புடைய சொற்களை எண்ணவில்லை. எழுதுவோன் தானே அறியாது ஆளும் சிறுசொற்களை எண்ணினர். 'அப்பான்' என்னும் ஆங்கில முன்னிடைச்சொல்லை ஆமில்டன் ஆயிரம் சொற்களுக்கு மூன்று முறை அளவில் ஆளுகின்றார்; மாடிசனிடத்தில் அஃது அரிது. இவ்வாறான சிறுசொற்கள் பலவற்றின் விழுக்காடே தீர்ப்பளித்தது.

ஔவையார் ஒருவரா பலரா, நக்கீரர் பெயரில் வழங்கும் நூல்கள் யாவும் ஒருவர் வாக்கா, தொல்காப்பியத்துள் இடைச்செருகல் உண்டா என்னும் வினாக்களோடு வாழ்ந்துவரும் நமக்கு இம்முறை பெருவேட்கை அளிப்பது இயல்பே. ஆயின் ஒன்று கருதவேண்டும். ஆங்கிலத்தில் 'அப்பான்' தனிச்சொல்லாக, இருபுறமும் வெற்றிடம் விட்டு நிற்கின்றது. கணினி அதனை எளிதில் எண்ணும். தமிழில் அதற்கு ஒத்த இனம் இடைச்சொல். அது பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும், தனித்தியங்கும் இயல்பு அதற்கில்லை என்பது தொல்காப்பியர் கொள்கை. உம்மைக்கு எட்டுப் பொருளும் ஏகாரத்திற்கு ஐந்து பொருளும் அவர் வகுத்தார். எண்ணும்மையை மிகுதியாக ஆளும் புலவரையும் சிறப்பும்மையை மிகுதியாக ஆளும் புலவரையும் ஒன்றாக எண்ணினால் அவ்வெண்ணிக்கையால் யாது பயன்? ஈற்றசை ஏகாரம் அகவற்பாவின் முடிபுக்குரிய யாப்பமைதி. அதனைப் புலவரின் தனித்தன்மை எனக் கொள்ளலாகாது. தேற்றேகாரமோ புலவரின் நடைக்கு உரியது. இரண்டையும் பிரித்தறிந்து குறியிட்ட பின்னரே எண்ணுதல் தொடங்க இயலும். தமிழில் ஆசிரியரை உறுதிசெய்ய விழைவோர் செய்யவேண்டும் முதற்பணி இடைச்சொற்களைப் பிரித்துப் பொருள்வகை சுட்டுவதே.

இதனோடு புணர்ச்சியும் சேர்கின்றது. சான்றிதழ்ப் பாடங்களில் பெரிதும் பயிற்றப்படும் கருவிகள், வெற்றிடத்திற்கும் வெற்றிடத்திற்கும் இடைப்பட்ட எழுத்துத்தொடரைச் 'சொல்' எனக் கொண்டு தொடங்குவன. 'கடல்' என்பதனைத் தேடினால் 'கடற்கரை' கிட்டாது, 'கடனீர்' கிட்டாது. 'கடன்' என்பதனைத் தேடுவார்க்குக் 'கடனீர்' கிட்டும். ஆண்டுக் கடமையுமில்லை, கொடுக்கல் வாங்கலுமில்லை, கடல்நீரே உண்டு. 'நாண்' என்று தேடுவார்க்கு 'நாண்மலர்' வரும். அது நாணத்திற்குரிய மலரன்று, அன்றலர்ந்த பூ. இப்பிழைகள் சிரிப்பிற்குரியன போலத் தோன்றினும், இவை நூற்றுக்கணக்கில் திரண்டு ஒரு வரைகோட்டுப் படமாக அச்சேறும்போது பிழை என்று எவரும் ஐயுறார். படத்திற்கு அத்துணை மதிப்பு வந்துவிட்டது.

புணர்ச்சி பிரித்த பதிப்பைக் கொண்டால் இடர் நீங்கும் என்பர் சிலர். நீங்காது; இடம் மாறும். பதிப்பாசிரியர் பிரித்த பிரிப்பு அவர் கொண்ட பொருளின் வழிப்பட்டது. ஒரே தொடரை உரையாசிரியர் இருவர் இருவகையாகப் பிரித்துப் பொருள் கூறும் இடங்களை யாவரும் அறிவர். பிரித்த பாடத்தை எண்ணுவோன் ஓர் உரைகாரரின் கருத்தை எண்ணுகின்றான், நூலை எண்ணுகின்றேன் என்றும் நம்புகின்றான். புறநானூற்றிற்கு வ. அய். சுப்பிரமணியம் 1962 இல் கேரளப் பல்கலைக்கழகத்தின் வழி வெளியிட்ட சொல்லடைவும், பல்லவர் காலத்திற்கு முற்பட்ட நூல்களுக்கு ந. சுப்பிரமணியன் 1966 இல் அளித்த அகராதியும், தாமசு இலேமன், தாமசு மால்டன் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் கணினித் துணைகொண்டு வெளியிட்ட சங்க இலக்கியச் சொல்லடைவும் இவ்விடரை எதிர்கொண்ட உழைப்புகள். இவற்றை ஒப்பிட்டுப் பயின்ற மாணவர், வேற்றுநாட்டு வகுப்பில் 'சொல் என்பது யாது' என்னும் வினா எழும்போது வாய் திறக்கத் தகுதியுடையராவர். அவ்வகுப்புகளில் அவ்வினா பெரும்பாலும் எழுவதில்லை என்பதே எம் குறை. ஆங்கில அச்சில் உள்ள வெற்றிடம், ஆய்வாளர் வருமுன்னரே அவ்வினாவிற்கு விடை கூறிவிடுகின்றது.

இனி, இச்சான்றிதழில் தமிழார்க்கு மெய்யாகவே பெரும்பயன் அளிக்கவல்லது எது எனின், நூற்பாடக் குறியீட்டுமுறை என்போம். 1987 இல் அமெரிக்காவில் பொக்கீப்சி நகரத்து வாசர் கல்லூரியில் கூடிய அறிஞர்கள், கணினியில் ஏற்றப்படும் நூல்களை எல்லாரும் ஒரே முறையில் குறியிடுதற்கு வழிவகுக்க முனைந்தனர். அம்முயற்சி 'டெக்சுடு என்கோடிங் இனிசியேட்டிவ்' என வழங்கும். அதன் நெறிநூல் 1994 இல் முழுமையாக வெளிவந்தது. இன்று வழங்கும் ஐந்தாம் வடிவு 2007 முதலாக வளர்ந்து வருகின்றது. இந்நெறியில், ஓரடி எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது, எச்சொல்லுக்கு எவ்வேட்டில் எப்பாடவேறுபாடு உள்ளது, எவ்விடம் சிதைந்தது, எவ்வெழுத்தைப் பதிப்பாசிரியர் தாமே இட்டு நிரப்பினார் என்பவற்றைப் பாடத்தினுள்ளேயே குறியிட்டு வைக்கலாம். உ. வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அடிக்குறிப்பில் வைத்த வேறுபாடுகளை, ஏடுவாரியாகப் பிரித்துக் காணவும் ஒன்றையொன்று ஒப்பிடவும் இம்முறை இடந்தரும்.

அதனினும் மேலான பயன், குறியிடுவோன் தன் முடிவை மறைக்க இயலாமையே. புறநானூற்றுப் பாட்டின் இறுதியில் திணை, துறை, பாடினார், பாடப்பட்டார் பற்றிய குறிப்புகள் உள்ளன. இவை பாட்டின் பகுதியா, தொகுத்தார் சேர்த்தவையா? அச்சில் அவற்றைச் சிறிய எழுத்தில் இட்டுவிட்டு நாம் அமைதல் கூடும். குறியிடும்போது அமைதல் கூடாது. ஒன்றைத் தேர்ந்தேயாக வேண்டும். பாட்டெனக் கொண்டால் புலவர் பெயர்களும் 'பாடியது' என்னும் சொல்லும் சங்கச் சொற்களின் எண்ணிக்கையுள் ஏறிவிடும். 267, 268 ஆம் பாட்டுகள் கிடைத்தில. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. கணினிக்கு இல்லாதது பூச்சியம். நமக்கு அஃது இழப்பு. இழப்பென்று குறியிட்டாலன்றிக் கணினி அதனை அறியாது. திருக்குறளிலும் இவ்வாறே. குறளுக்கு நாம் இடும் எண் பரிமேலழகர் வைப்புமுறையைப் பற்றியது. மணக்குடவர் உரையில் ஓர் அதிகாரத்துள் குறள்கள் வேறு முறையில் நிற்றலும் உண்டு. எண்ணை மட்டும் இட்டு நூலைக் கணினியில் ஏற்றுவோர் தம்மை அறியாமலே பரிமேலழகர் கட்சியைச் சார்ந்துவிடுகின்றனர். யாமும் பரிமேலழகரை மதிப்போம். ஆயினும் சார்வதை அறிந்து சார்தல் நன்று.

இம்முறையில் இந்திய மொழியொன்றில் நிகழ்ந்த பெரும்பணிக்குச் சான்று வேண்டின், சாதவபூர்ப் பல்கலைக்கழகத்தார் சுகந்த சௌதுரியின் தலைமையில் 2013 இல் வெளியிட்ட 'விசித்திரா' என்னும் தாகூர் நூற்றொகையைக் காண்க. கையெழுத்துப் படியும் அச்சுப்படியுமாக ஏறத்தாழ 1,40,000 பக்கங்களை அது கொண்டுள்ளது. ஒரு நூலின் பல வடிவங்களையும் பெரும்பகுதி, பத்தி, சொல் என மூன்று நிலைகளில் ஒப்பிட்டுக் காட்டும் நிரலை அவர்களே எழுதிக்கொண்டனர். வங்கமொழிக்கு அயலார் செய்த கருவி போதாது எனக் கண்டமையே அதற்குக் காரணம். தமிழேடுகளைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஆராய்ச்சிப் பேரவையின் பொருளுதவியால் ஏவா வில்டன் தலைமையில் 2014 முதல் 2019 வரை ஆம்பர்க்கையும் புதுச்சேரியையும் இடமாகக் கொண்டு நடந்த 'நெத்தமிழ்' பணி குறிப்பிடத்தக்கது. மூலமும் உரையும் ஏடுகளோடு மீண்டும் ஒப்பிடப்பட்டன.

எழுத்துக் குறிமுறை பற்றியும் ஒன்று கூறவேண்டும். யூனிகோடு முறையில் தமிழ் 1991 முதல் இடம்பெற்றுள்ளது; தமிழக அரசு 2010 இல் அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. அம்முறை 'க' என்னும் அகரமேறிய எழுத்தை முதலாகக் கொண்டு, புள்ளியைச் சேர்த்துக் 'க்' என்பதனைப் பெறுகின்றது. மெய்யின்மேல் உயிரேறும் நம் இலக்கண முறைக்கு இது தலைகீழ். ஆயினும் ஆய்வாளரை நாள்தோறும் அலைக்கழிப்பது இதனினும் சிறிய ஒன்று. 'ஔ' என்பது ஒரே குறி. தட்டெழுதுவோர் பலர் 'ஒ' என்பதனையும் 'ள' என்பதனையும் அடுத்தடுத்து இட்டு 'ஒள' என்றாக்கிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. 'ஔவையார்' என்று தேடி 'ஒளவையார்' பாட்டுகளை இழந்தவர், ஔவையார் பலர் என்னும் கொள்கைக்குப் புதிய சான்றொன்று கண்டதாக எண்ணிவிடக்கூடாதல்லவா? பௌத்தம், கௌமாரம் முதலியவற்றிற்கும் இதுவே நிலை. சான்றிதழின் முதற்பணியாகத் தமிழ் மாணவர் ஒருவர் தாம் ஆளும் மின்னூலில் இவ்வழுக்களைக் களைந்தாரேனும் அது வீணாகாது.

இத்துறையின்மேல் எழுந்த கண்டனங்களையும் மறைத்தல் தகாது. பல்லாயிரம் நூல்களைப் படியாமலே எண்ணி ஆராயலாம் என்னும் 'தொலைவாசிப்பு'க் கருத்தைப் பிராங்கோ மொரெட்டி 2000 இல் முன்வைத்தார். அதன் வழிவந்த ஆய்வுகளை 2019 இல் நான் சி. தா என்னும் இலக்கிய ஆய்வாளர் கடுமையாகத் தாக்கினார். இவ்வாய்வுகளில் உறுதியாக நிற்கும் முடிபுகள் முன்னரே அறிந்தவையாக உள்ளன, புதியவாய்த் தோன்றுவன உறுதியாக நிற்பதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் கூற்று முழுவதையும் ஏற்கவேண்டுவதில்லை, மறுத்துரைத்தோரும் பலர். ஆயினும் தமிழில் இவ்வாராய்ச்சிக் கட்டுரைகள் சிலவற்றைப் படிக்குங்கால், குறிஞ்சிப் பாட்டுகளில் மலை மிகுதி என்பதனை நிறுவுதற்கா இத்துணைப் பொறி என்று கேட்கத் தோன்றுகின்றது.

அவ்வாறாயின் இச்சான்றிதழை நாடலாமா? நாடலாம் என்பதே எம் கருத்து, காலமும் கருத்தும் அறிந்து. முதுகலை முடித்தவுடன், இலக்கணமும் உரைமரபும் ஏடு படித்தலும் தேறுமுன் செல்வோர் கருவிக்கு ஆட்படுவர். வகுப்பு முடிந்த சில ஆண்டுகளில் அக்கருவி வழக்கொழியும்; கையில் எஞ்சுவது ஒன்றுமிராது. தம் ஆய்வுக்குரிய நூலொன்றைத் தேர்ந்து, அதன் பதிப்புகளையும் உரைகளையும் அறிந்து, விடை தெரியாத வினா ஒன்றை உடன் கொண்டு செல்வோர்க்கே அக்கல்வி உதவும். பாடங்களுள் நூற்பாடக் குறியீட்டையும் நிரல்மொழியின் தொடக்கத்தையும் முதலிற் கொள்க. நிலப்படமும் வலைப்பின்னற் படமும் வேண்டுவோர்க்கே வேண்டும். நிரல்மொழியில் வல்லுநராக வேண்டியதில்லை; நிரல் எழுதுவாரிடம் 'இவ்விடத்தில் உம்மையைப் பிரி, இவ்விடத்தில் பிரியாதே' என விதி கூறும் அளவு அறிந்தால் போதும். புணர்ச்சி விதிகளை நூற்பாவாகக் கற்றார்க்கு விதி கூறுதல் புதியதன்று.

செல்லாதொழியின் என்ன என்று கேட்பாரும் உளர். தமிழ் நூல்கள் நமக்காகக் காத்திரா. அவை கணினியில் ஏறிவிட்டன, எண்ணப்படுகின்றன, இன்று செயற்கை நுண்ணறிவுப் பொறிகளுக்கும் உணவாகின்றன. 'கடனீர்' கடனா கடலா என்பதனை யாரேனும் ஒருவர் முடிவு செய்தே தீர்வர். தமிழறியாத நிரலாளர் தம் கருவியின் இயல்புக்கேற்ப முடிவு செய்தால், அம்முடிவு அகராதியிலும் தேடுபொறியிலும் மொழிபெயர்ப்பிலும் பரவிய பின்னர், நாம் இதழ்களில் மறுப்பெழுதிக்கொண்டிருப்போம். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் முதுகலைப் பாடத்திட்டத்தில் சுவடியியலையும் பதிப்பியலையும் ஒட்டி ஒரு பருவமேனும் நூற்பாடக் குறியீட்டுக்கு இடம் ஒதுக்கின், இதற்காக எல்லாரும் கடல் கடக்க வேண்டியதுமில்லை. குறியீட்டு நெறிநூல் விலையின்றிக் கிடைக்கின்றது. எளிய கணினி ஒன்று போதும்.

செல்வோர் சேர்வதற்கு முன் கேட்டறிய வேண்டியது ஒன்றுண்டு. தம் இறுதிப்பணியில் உருவாகும் மின்னூல் படிப்பு முடிந்த பின் எங்கு வைக்கப்படும், யார் அதனைப் பேணுவர் என்பதே அது. ஆக்சுபோர்டில் 1976 இல் நிறுவப்பட்ட நூற்பாடக் காப்பகம் இத்தேவை கருதியே எழுந்தது. 1998 இல் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள், தொடக்கத்தில் இருந்த பழைய குறிமுறைகளிலிருந்து பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பெற்றமையால்தான் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. மாற்றுதற்கு ஆளின்றி விடப்பட்ட பழைய எழுத்துருக் கோப்புகள் நம் துறைகளின் அலமாரிகளிலேயே குறுந்தகடுகளாகக் கிடக்கின்றன. அவற்றுள் அகராதிப் பணிக்கெனத் தொகுத்த சொற்பட்டியல்களும் உள. அவற்றைத் திறந்து யூனிகோடுக்கு மாற்றிக் குறியிட்டுத் தருதலையே தம் சான்றிதழின் இறுதிப்பணியாக ஒரு மாணவர் மேற்கொள்ளலாம். துறைத்தலைவரின் ஒப்புதலும், பழைய எழுத்துருவின் எழுத்தட்டவணையும், ஓராண்டு உழைப்பும் அதற்கு வேண்டும்.